பெட்டியைத் திறந்து பார்த்தோம்

சத்தத்தை வைத்தே ஒரு பொருளின் சுகநலம் அறியும் பழக்கம் எங்கள் பெண்களுக்குப் புதியதல்ல. உலை கொதிக்கும் சத்தத்தில் அரிசி போடும் நேரத்தை அறிவோம். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் விடும் நாள் வந்துவிட்டது என்று அறிவோம். தையல் மெசினின் ஓட்டம் சற்று மாறினாலே, ஊசி வளைந்துவிட்டதா, நூல் சிக்கிவிட்டதா என்று மிதிப்பதை நிறுத்தாமலே சொல்லக்கூடிய அக்காமார் எங்கள் மாதர் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் அதே பெண்களுக்கு முன்னால் ஒரு கணினி இரைந்தால் மட்டும், "ஐயோ, இது எங்களுக்கு விளங்காத சாமான். ஆரும் ஆம்பிளையளிட்டைக் குடுத்துப் பாருங்கோ" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இந்த மாதம் அந்த ஒதுக்கத்தைப் பற்றித்தான் சகோதரிகளாகிய உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். பேச்சு ஒரு மடிக்கணினியின் விசிறியைப் பற்றியது. விசிறிக்கும் எங்கள் வாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுமையோடு வாசித்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பெட்டிக்குள் இருந்தவை

நான் சமூகப் பணியாளராக வேலை செய்யும் அலுவலகம் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு கிரவல் வீதியோரத்தில் இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு விறாந்தை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். ஓர் அறையில் தையல் வகுப்பு நடக்கும். மற்ற அறையில் நான் இருப்பேன். மாரியில் சேறு, கோடையில் செம்மண் புழுதி. வீதியால் ஒரு உழவு இயந்திரம் போனால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம்.

எங்களிடம் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. 2017 ஆம் ஆண்டில் நலன்விரும்பி ஒருவர் தாம் பாவித்துவிட்டு எங்களுக்குத் தந்தது. பார்வைக்குப் பழையது. ஆனால் அதற்குள் இருப்பவற்றுக்கு விலை சொல்ல முடியாது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்த பிள்ளைகளின் விபரங்கள், காணி உறுதி இல்லாதவர்களின் மனுக்கள், வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பங்கள், காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். இவற்றுக்கு மேலாக, கணவனை, மகனை, சகோதரனைத் தேடும் பெண்கள் என் முன்னால் இருந்து சொன்னவற்றின் குறிப்புகள்.

கணவன் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்கு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்தது. அந்தச் சான்றிதழுக்காக ஒரு பெண் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். எத்தனை அலுவலகங்களில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! இன்னொரு தடவை சொல்ல வைக்காமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் கவனமாகத் தட்டெழுதிச் சேமித்து வைக்கிறோம்.

இந்தக் கணினிதான் 2024 ஆம் ஆண்டு கோடையில் இரையத் தொடங்கியது.

முதலில் ஒரு மெல்லிய மூச்சிரைப்பு. பிறகு உறுமல். பத்து நிமிடம் வேலை செய்தால் அடிப்பக்கம் தோசைக்கல்லைப் போல் சுடும். எழுத்துகள் தட்டி முடித்துக் கனநேரம் கழித்தே திரையில் வரும். கடைசியில் ஒரு சொல்லும் சொல்லாமல் திரை கறுத்து, தானாகவே நின்றுவிடும். ஆறவிட்டால் மீண்டும் எழும்பும். மறுபடியும் அதே கதை.

வண்டுச் சத்தம்

இதைச் சகித்துக்கொண்டு வேலை செய்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் நடந்த ஒன்று அதைச் சகிக்க முடியாததாக்கியது.

ஓர் அக்கா வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் பாதியில் எழும்பிப் போனவர். அன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். நான் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். விசிறி மெல்ல மெல்ல இரையத் தொடங்கியது. அக்காவின் குரல் அதோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பிறகு நின்றுவிட்டது. அவருடைய கண்கள் கூரையைப் பார்த்தன.

"என்னக்கா, தண்ணி கொஞ்சம் தரட்டே?"

"வேண்டாம் பிள்ளை. உந்தச் சத்தம்... வண்டு சுத்துற மாதிரிக் கிடக்கு."

வண்டு என்றால் என்னவென்று வன்னியில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2008 இலும் 2009 இலும் எங்கள் தலைக்கு மேலே இரவு பகலாகச் சுற்றிய ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது குண்டு போடாது. பார்த்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு வருவதற்காகத்தான் நாங்கள் பதுங்குகுழிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். நானும் அப்போது புத்தகப்பையோடு பதுங்குகுழிக்குள் இருந்த ஒரு மாணவிதான். அக்காவுக்கு நான் வேறெதுவும் சொல்லவில்லை. கணினியை நிறுத்தினேன். வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு கதிரைகளைப் போட்டோம். மீதியைக் கொப்பியில் கையால் எழுதினேன். அன்றைக்கும் அவர் முடிக்கவில்லை. ஆனால் எழும்பிப் போகவுமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, "வாற கிழமை வாறன்" என்றார்.

ஒரு பழுது அலுவலக வேலையை மட்டும் கெடுத்தால் அது வெறும் பழுது. ஒரு பெண்ணின் வாயை அடைத்தால் அதை அப்படியே விடலாமா?

கடைக்குக் கொண்டு போனோம்

அடுத்த நாள் பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடையில் இருந்த தம்பி அதைத் திறக்கவில்லை. காதுகூட வைத்துப் பார்க்கவில்லை. "மதர்போட் போயிருக்கும் மிஸ். நாலு நாளைக்கு விட்டிட்டுப் போங்கோ. திருத்திறதிலும் பார்க்கப் புதுசு எடுக்கிறது லாபம்" என்றார்.

புதிது எடுப்பது என்பது எங்களைப் போன்ற ஒரு சிறிய அலுவலகத்துக்குக் கனவு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதமளவில் 350 ரூபாவைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகு சற்று இறங்கினாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்கள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. புதுக் கணினி ஒன்றின் விலையில் எங்கள் தையல் வகுப்புக்கு மெசின்கள் வாங்கலாம்.

காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. நாலு நாளைக்கு அந்தக் கணினி கடை அலுமாரியில் இருக்கும். அந்தத் தம்பியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நல்ல பிள்ளையாகவே இருப்பார். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் கதையை என்னிடம்தான் சொன்னார்கள். ஒரு கடைக்குச் சொல்லவில்லை. நம்பிக்கை என்பது கையிலிருந்து கைக்கு மாற்றித் தரும் பொருளல்ல. கணினியைத் திரும்பவும் சீலைப் பைக்குள் வைத்து, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

திறக்கத் தெரிந்த பிள்ளை

எங்கள் சங்கத்து அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். தகப்பனில்லாத பிள்ளை. கணினி வன்பொருள் பாடநெறி படித்து, என்.வி.கியூ நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்தவள். வேலை கேட்டு மூன்று கடைகள் ஏறி இறங்கியிருக்கிறாள். மூன்றிலும் ஒரே பதில்: "தங்கச்சி, நீர் முன்னுக்கு நிண்டு போன் கவர் வில்லும். திருத்திற வேலைக்குப் பெடியங்கள் நிக்கிறாங்கள்." சான்றிதழ் கையில் இருந்தும் ஸ்குறூட்றைவரை அவள் கையில் எவரும் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பால்நிலை அடிப்படையிலான வேலைப் பிரிவினை என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அதன் முழு அர்த்தத்தையும் இந்தப் பிள்ளை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள்: "படிக்கேக்க கழட்டவிட்டவை அக்கா. படிச்சு முடியத்தான் தொடவேண்டாம் எண்டினம்."

அவளை வரச் சொன்னோம். சனிக்கிழமை காலை தன் சின்னப் பையோடு வந்தாள். தையல் வகுப்பு அக்காமார் ஆறு பேரும் சுற்றி நின்றார்கள்.

முதல் வேலையாக, கணினியில் இருந்த முக்கிய கோப்புகளை ஒரு பென்ட்றைவில் பிரதி எடுக்கச் சொன்னாள். அதைப் பூட்டி வைக்கும் பொறுப்பை எனக்கே தந்தாள். இடையில் நின்றுவிடாமல் இருக்க, கணினியின் அடிப்பக்கத்தை இரண்டு கட்டைகளில் உயர்த்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அடுத்து, கழற்றுவதற்கு முன் விசாரித்தாள். விசிறி இரைந்தால் விசிறியில்தான் குற்றம் என்று முடிவு கட்டக்கூடாதாம். ஏதாவது ஒரு நிரல் பின்னால் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் கணினி சூடாகும். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினாள். எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்ற பட்டியல் வந்தது. ஒன்றும் மிதமிஞ்சி ஓடவில்லை. ஊரெல்லாம் சுற்றிவரும் பென்ட்றைவ்களால் தொற்றும் வைரஸ்களும் இப்படிச் செய்யும் என்பதால் அதையும் சோதித்தாள். அதுவும் இல்லை.

பிறகு பக்கத்தில் காற்று வெளியேறும் துவாரத்துக்கு நேரே புறங்கையைப் பிடித்தாள். எங்களையும் பிடிக்கச் சொன்னாள். "பாருங்கோ, காத்துக் கொதிக்குது. ஆனா வேகமில்லை. விசிறி முழு வேகத்தில சுத்துது, காத்து வெளியில வருகுதில்லை. அப்ப வழியிலதான் அடைப்பு."

அடுப்படியில் புகைபோக்கி அடைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த எங்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

சூடு எப்படி வெளியேறுகிறது

கணினியின் மூளை என்று சொல்லத்தக்க ஒரு சிறு சில்லு இருக்கிறது. வேலை செய்யும்போது அது உள்ளெடுக்கும் மின்சாரம் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோகாவிட்டால் சில்லு கெட்டுவிடும். அதற்காக அதன் மேல் ஒரு தகட்டை வைத்து, அதிலிருந்து தட்டையான ஒரு செப்புக் குழாயை இழுத்திருக்கிறார்கள். குழாயின் மற்ற நுனியில், சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். அவற்றுக்குப் பக்கத்தில் விசிறி.

அந்தக் குழாய் வெறும் செம்புத்துண்டு அல்ல. உள்ளே மிகச் சிறிதளவு திரவம் இருக்கிறது. சூடான பக்கத்தில் அது ஆவியாகும். ஆவி குளிர்ந்த பக்கத்துக்கு ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்பி வரும். இடியப்பம் அவிக்கும்போது ஆவி மூடியில் பட்டுத் துளியாகித் திரும்பப் பானைக்குள் விழுவதைத் தினமும் பார்க்கிறோமே, அதே சங்கதிதான். தகடுகளுக்கு வந்து சேர்ந்த சூட்டை விசிறி ஊதி வெளியே தள்ளுகிறது. விசிறி காற்றை இழுப்பது பெரும்பாலும் கணினியின் அடிப்பக்கத்துத் துவாரங்களால்.

சூடு கூடக் கூட விசிறி வேகமாகச் சுற்றும். அதுதான் இரைச்சல். விசிறியாலும் முடியாதபோது சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுதான் எழுத்துகள் மெதுவாக வந்ததற்குக் காரணம். அதுவும் போதாமல் சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை எட்டினால், எரிந்துபோகாமல் இருப்பதற்காகக் கணினி தன்னைத்தானே நிறுத்திவிடும்.

கழற்றினோம்

மேசையில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் ஒரு பழைய வெள்ளைச் சீலையை விரித்தோம். மின்னேற்றும் வயரைக் கழற்றி, கணினியை முழுமையாக நிறுத்தி, பற்றரியை எடுத்தாள். புதிய கணினிகளில் பற்றரி உள்ளே இருக்கும் என்றும், அப்படியானால் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும் என்றும் சொன்னாள். பற்றரி வீங்கியிருந்தால் அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பிறகு பெயின்ற் பூசாத ஓர் இரும்பைத் தொட்டாள். எங்கள் உடம்பில், முக்கியமாக நைலோன் துணி உடுத்திருந்தால், தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடுமாம்.

அடுத்து அவள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் அடிப்பக்கத்தைப் படமாகக் கீறினாள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றியதும், படத்தில் அது இருந்த அதே இடத்தில் ஒட்டுத்தாளால் ஒட்டினாள். ஏனென்றால் எல்லாத் திருகாணிகளும் ஒரே நீளமில்லை. நீளமானதைக் கட்டையான இடத்தில் முறுக்கினால் உள்ளே பலகையைத் துளைத்துவிடும். பதினொரு திருகாணிகள். "சட்டை வெட்டேக்க துண்டுகளுக்கு இலக்கம் போடுற மாதிரி" என்றார் ஓர் அக்கா.

மூடி கழன்றது. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம் விரித்தது போல் தூசு படிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் இது தெரியாது. குறட்டால் பிடித்து இழுக்க முழுத் துண்டாகவே வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். செம்மண் புழுதி, நுளம்புத்திரிச் சாம்பல், இரண்டு மூன்று எறும்புகள். ஆனால் அதைக் கட்டிப் பிடித்திருந்தது பஞ்சு. சிவப்பும் நீலமுமான நூற் பஞ்சு.

"இதென்ன, எங்கட துணிப் பஞ்செல்லே!" என்று ஓர் அக்கா வாயில் கை வைத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பக்கத்து அறையில் தைத்த பாடசாலைச் சட்டைகளின் மிச்சம் அது.

மிச்சத் தூசை மெல்லிய பிறஷ் ஒன்றால் தட்டி எடுத்தாள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் படும். காற்றடித்துத் துப்புரவாக்குவதானால் விசிறி சுற்றாதபடி விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி அதன் அச்சு பழுதாகிவிடும்.

விசிறியை விரலால் தட்டினாள். வழுக்கிச் சுற்றவில்லை, இறுகி நின்றது. அச்சில் இருந்த எண்ணெய் காய்ந்துவிட்டது. இதழ்ப் பகுதியை மெதுவாக மேலே இழுக்க அது கழன்று வந்தது. எல்லா விசிறியும் அப்படி வராது, வராததை இழுத்து உடைக்கக்கூடாது. அச்சைத் துடைத்துவிட்டு, "கொஞ்சம் மெல்லிய எண்ணெய் இருந்தால்..." என்று அவள் தொடங்க முன்பே தையல் ஆசிரியை அக்கா தன் மெசின் எண்ணெய்க் குப்பியோடு நின்றார். ஊசி நுனியால் ஒரேயொரு துளி. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விடக்கூடாது, நாளடைவில் பிசினாகித் தூசைப் பிடிக்கும். இதைத் தையல் அக்காமாருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தங்கள் மெசினில் படித்த பாடம் அது.

கடைசி வேலை, சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ற். இரண்டு மேற்பரப்புகள் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றினாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளி இருக்கும். அதை நிரப்பிச் சூட்டைக் கடத்துவதுதான் இந்தப் பசையின் வேலை. எங்களுடையது கோடையில் வற்றிய குளத்துச் சேறுபோல் வெடித்துக் காய்ந்திருந்தது. ஐசோபுறோப்பில் அல்ககோலில் நனைத்த, நூல் கொட்டாத துணியால் துடைத்துவிட்டு, ஒரு சோற்றுப் பருக்கை அளவு புதுப் பசை வைத்தாள். கூட வைத்தால் பக்கத்தால் வழியும். தகட்டைப் பூட்டும்போது ஒரு திருகாணியை முழுவதும் முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

பதினொரு திருகாணியும் படத்திலிருந்து கணினிக்குத் திரும்பின. விசையை அழுத்தினாள். விசிறி ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டு அடங்கியது. சூட்டைக் காட்டும் ஒரு நிரலில் பார்த்தோம். முன்பு 95 பாகையைத் தொட்ட அதே வேலைக்கு, அதே அறையில், இப்போது 64 பாகை. அக்காமார் கை தட்டினார்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். அவளுடைய தாய் மட்டும் விறாந்தைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நின்றுபோவது பழுதா?

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கணினி நின்று நின்று போனபோது, "இது சரிவராத சாமான்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்ததும் தற்காப்பு. நின்றதும் தற்காப்பு. குற்றம் அதில் இல்லை, அதைச் சுற்றி அடைத்திருந்ததில்.

எங்களிடம் வரும் பெண்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிடுவார்கள். சிலர் எழும்பிப் போவார்கள். திகதி கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்படியானவர்களின் படிவங்களில், "தகவல் தருவதில் ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதப்பட்டிருப்பதை வெவ்வேறு இடங்களில் கண்டிருக்கிறேன். சகோதரிகளே, நீங்கள் நிறுத்தினால் அது உங்கள் பழுதல்ல. தாங்கக்கூடிய சூடு எவ்வளவு என்று உங்கள் மனதுக்குத் தெரியும். அது எல்லையைத் தொட்டதும் கதவைச் சாத்துகிறது. ஆறிய பின் திறக்கும். கேட்பவர்களாகிய எங்கள் கடமை, திறக்கும்வரை காத்திருப்பதும், காற்று வரும் வழியை அடைக்காமல் இருப்பதும்தான். ஆனால் மாதக்கணக்கில் நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழவே வெறுத்துப் போகிறது என்றால், அதைத் தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வெட்கம் வேண்டாம். கிராமத்து மருத்துவமாது வழியாகவும் உதவி கேட்கலாம்.

வாற கிழமை வருவேன் என்ற அந்த அக்கா, சொன்னபடி வந்தார். அரை மணித்தியாலம் கதைத்த பிறகுதான் கவனித்தார்.

"உந்த மெசினை மாத்திப் போட்டியளோ?"

"இல்லையக்கா. துடைச்சனாங்கள்."

"அவ்வளவுதானோ!" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றுதான் அவருடைய விண்ணப்பம் முடிந்தது.

எங்கள் கைகளுக்குத் தெரியாததா?

இது ஆண்களைக் குறை சொல்லும் கட்டுரை அல்ல. பெண்களின் கைகளைப் பற்றியது. இடப்பெயர்வுக் காலத்தில் பதுங்குகுழி வெட்டியது யார்? சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டது, தறப்பாள் கூரை கட்டியது, பம்பைத் திருத்தித் தண்ணீர் இறைத்தது யார்? போருக்குப் பிறகு முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் எத்தனையோ பெண்கள், அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள், மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கைகள் ஒரு சின்னத் திருகாணிக்குப் பயப்படலாமா? தெரியாமல் தொடுவது வேறு. தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்பது வேறு.

பிள்ளைகளின் படிப்புக்காகவும், சுயதொழிலுக்காகவும் இன்று கிராமங்களிலும் மடிக்கணினி வந்துவிட்டது. வைத்திருப்பவர்களுக்குச் சில சொல்:

மெத்தையிலும் தலையணையிலும் மடியில் விரித்த சேலையிலும் வைத்து வேலை செய்யாதீர்கள். அடித்துவாரம் அடைபடும். ஒரு பலகையில் வைத்து, பின்பக்கத்துக்கு இரண்டு போத்தல் மூடி கொடுத்தாலே நல்ல காற்று வரும். நுளம்புத்திரி, அடுப்புப் புகை, தும்புத்தடி எழுப்பும் புழுதி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வேலை முடிந்து ஆறியபின் துணியால் மூடுங்கள், சுடச்சுட மூடவேண்டாம். சத்தத்தைக் கவனியுங்கள். காற்றின் இரைச்சல் கூடினால் பெரும்பாலும் தூசு. கரகரவென்று அரைத்தால் அச்சுத் தேய்ந்திருக்கலாம். டிக் டிக் என்றால் ஏதாவது வயரோ குப்பையோ இதழில் முட்டுகிறது. சத்தமே இல்லாமல் சூடு மட்டும் ஏறினால்தான் அதிக ஆபத்து, விசிறி நின்றுவிட்டது. உடனே நிறுத்துங்கள். எண்ணெய் விட்ட விசிறி கொஞ்சக் காலமே ஓடும். தேய்ந்ததற்குப் புதிய விசிறி மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது பழைய விசிறியில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைக் காட்டியே வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினியை நீங்களாகத் திறக்காதீர்கள். பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை தெரிந்த ஒருவரோடு இருந்து செய்யுங்கள்.

எங்கள் விறாந்தையில் இப்போது ஒரு மேசை போட்டிருக்கிறோம். புதன், சனி இரண்டு நாளும் அந்தப் பிள்ளை வருகிறாள். ரீச்சர்மார், கடை வைத்திருக்கும் அக்காமார், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கணினியும் தொலைபேசியும் கொண்டு வருகிறார்கள். அவள் ஒரேயொரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: சாமானின் சொந்தக்காரர் திருத்தி முடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். தன் பெட்டி திறக்கப்படும்போது தானும் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. போன மாதம் தையல் வகுப்பு அக்கா ஒருவர், அவளுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தவர், அடுத்த கணினியைத் தானே கழற்றினார். திருகாணிகளுக்குப் படம் கீறியதும் அவரேதான்.